மூன்றாவது அறை

முட்டைக்காரி கிலோ பதினைந்தாயிரம் என்று சொன்னபோது விகாத்தி அவள் முகத்தையே பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் இதே கடையில் இதே முட்டையைப் பதினெட்டாயிரம் ரூபியா கொடுத்து அவள் வாங்கிப் போயிருந்தாள். ஐந்நூறு குறைக்கக் கேட்டதற்கு, கோழியிடம் போய்ப் பேரம் பேசு என்று பதில் வந்திருந்தது. இன்று அதே பெண் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பை லேசாக வளைத்து, பெரியவர்கள் முன்னால் சுட்டுவிரல் நீட்டக் கூடாதென்று கட்டைவிரலால் முட்டைத் தட்டைக் காட்டினாள். எதிரே காக்கிச் சீருடையில் தொழிலாளர் அலுவலகத் தலைவர், ஐயா என்பதுபோல எல்லோரும் பாக் சேர்த்துக் கூப்பிடும் பாக் மர்த்தோயோ நின்றுகொண்டிருந்தார்.

"பதினஞ்சுதான் ஐயா. உங்களுக்குன்னா பதினாலரைக்கும் போட்டுத் தரேன்."

பாக் மர்த்தோயோ சந்தோஷமாகச் சிரித்தார். பதினாலரை என்று படிவத்தில் எழுதிக்கொண்டார்.

பன்யுலெகி மாவட்டத்தின் அடுத்த வருஷத்துக் குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்வதற்காக ஊதியக் குழு சந்தைக்கு வந்திருந்தது. அரசாங்கத்து ஆட்கள், முதலாளிகளின் ஆட்கள், தொழிலாளர்களின் ஆட்கள் எல்லோரும் ஒரே கும்பலாக, கையில் அறுபது பொருட்களின் பட்டியலோடு கடை கடையாக நடப்பார்கள். கல்யாணமாகாத, பிள்ளைகுட்டி இல்லாத, யாருக்கும் பணம் அனுப்பத் தேவையில்லாத ஒரு தனி ஆள் ஒரு மாதம் ஒழுங்காக வாழ என்ன வேண்டும் என்று தலைநகரத்தில் யாரோ உட்கார்ந்து எழுதிய பட்டியல். அரிசி பத்து கிலோ. முட்டை ஒரு கிலோ. மெத்தை நான்கு வருஷத்துக்கு ஒன்று, ஆகவே மாதத்துக்கு ஒரு மெத்தையில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அறுபதையும் கூட்டினால் வருவதை வைத்துத்தான் அந்த மாவட்டத்தில் ஓர் உடம்பின் விலை முடிவாகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு குழு, வேறு சந்தை, வேறு விலை.

தொழிலாளர் தரப்பில் விகாத்திக்கு இதுதான் முதல் வருஷம். பதினான்கு வருஷமாகச் சட்டை தைப்பவள். கணக்கு வரும், அதிகம் பேசமாட்டாள், பேசாதவளை விலைக்கு வாங்குவது கஷ்டம் என்று சங்கத்தில் அவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளோடு ஜுமாதி என்று பழைய ஆள் ஒருவர். ஆறு வருஷமாகக் குழுவில் இருப்பவர். கடைக்காரர்கள் மரியாதைக்காக நீட்டிய பொரித்த சோயாத் துண்டான தெம்பேயை ஒவ்வொரு கடையிலும் வாங்கித் தின்றுகொண்டே வந்தார்.

நேற்று இதே முட்டை பதினெட்டு என்று விகாத்தி சொன்னாள். முதலாளிகள் தரப்பில் வந்திருந்த பாக் குஸ்னாதி அவள் பக்கம் திரும்பி, ரசீது இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். சந்தையில் முட்டைக்கு ரசீது கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். அவர் விகாத்தி வேலை செய்யும் சட்டைத் தொழிற்சாலையிலேயே ஆட்கள் பிரிவின் தலைவர். தினமும் காலையில் அவளுக்கு முகமன் சொல்லுகிறவர். ஜுமாதி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மூவாயிரத்து ஐந்நூறில் என்ன வந்துவிடப்போகிறது, விடு என்றார்.

கும்பல் அரிசிக் கடைக்கு நகர்ந்த பிறகு விகாத்தி முட்டைக்காரியிடம் திரும்பி வந்தாள். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். பெரிய மனுஷர் வந்து கேட்கும்போது வாய் கூசாமல் முழு விலை சொல்வது மரியாதையா என்று முட்டைக்காரி திருப்பிக் கேட்டாள். சொன்னால் அடுத்த வாரம் கடை வரி ஏறாதா என்றும் கேட்டாள்.

"அவங்க வாங்க வரலக்கா. எழுத வந்தாங்க."

"வாங்குறவன்கிட்ட எனக்கென்ன பயம்? எழுதுறவன்கிட்டதான் பயம்."

அன்று அறுபதில் நாற்பத்து மூன்று பொருட்கள் முடிந்தன. சோப்பு, செருப்பு, கைலி, இடுப்புவார் எல்லாமே சீருடையைப் பார்த்ததும் வளைந்து கும்பிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றன. விகாத்தி ஒவ்வொன்றுக்கும் எதிரே தன் நோட்டில் நிஜ விலையை எழுதிக்கொண்டே வந்தாள். எழுத எழுத, தொண்டையில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. துப்பினால் போகாது, விழுங்கினாலும் இறங்காது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தொழிற்சாலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகரத்தில் இருந்தது. ஒரு வாரத்தில் தையல் மெஷின்களை லாரியில் ஏற்றிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். பாலத்தின் நடுவில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. அதைத் தாண்டினால் மாதத்துக்கு மூன்றரை லட்சம் ரூபியா குறைவு. வேறெதுவும் மாறுவதில்லை. அதே ஆறு, அதே சேறு, பேருந்தில் அதே டிக்கெட். துறைமுகத்துக்குக் கிட்டே இருக்கட்டும் என்று கிடங்கை மட்டும் நகரத்திலேயே விட்டுவிட்டார்கள். விகாத்தியின் புருஷன் பர்யோனோ அந்தக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். அவள் தைத்த சட்டையை மடிப்பதற்கு அவளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குகிறவன். இப்போது கம்பெனி கிழக்கு மாவட்டத்தைப் பார்க்கிறது என்று பேச்சு. அங்கே கூலி இன்னும் கொஞ்சம் கீழே. பாக் மர்த்தோயோ எந்தப் பேச்சை எடுத்தாலும் கிழக்கில் வந்துதான் நிற்பார். நம்முடைய எண் கிழக்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மெஷின் போகும், மெஷின் போனால் உங்கள் பெண்கள் என்ன தின்பார்கள் என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருக்கும். அதுதான் விகாத்திக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பட்டியலில் ஆகப் பெரிய தொகை அறை வாடகை. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மூன்று தரப்பும் ஆளுக்கு ஓர் அறையைக் காட்ட வேண்டும். தொழிலாளி ஒருவர் நிஜமாகவே குடியிருக்கும் அறையாக இருக்க வேண்டும். மூன்றையும் போய்ப் பார்த்து, மூன்று வாடகையையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். விகாத்தி காட்டிய அறைக்கு இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம். அரசாங்கம் காட்டியதற்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம். மூன்றாவது அறையின் விலாசத்தை பாக் குஸ்னாதி வாசித்தபோது முதலில் விகாத்திக்கு உறைக்கவில்லை. சந்தின் பெயரைக் கேட்டு, நம் சந்து அல்லவா என்றுதான் நினைத்தாள். பிறகு வீட்டு எண்ணை வாசித்தார்.

அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை. அதில் குடியிருப்பவள் துரியா. தையல் வரிசையில் விகாத்திக்கு இரண்டு மெஷின் தள்ளிக் காலர் தைக்கும் பெண். மலைப்பக்கத்திலிருந்து வந்தவள், இருபத்து மூன்று வயது. வந்த புதிதில் நான்கு பேரோடு ஓர் அறையில் தரையில் படுத்துக் கிடந்து, இருமி இருமி மெஷின்மேல் விழுந்தவளை விகாத்திதான் கூட்டிக்கொண்டு வந்தாள். மாதம் எண்பதாயிரம் கொடு போதும் என்றாள். மூன்று வருஷமாக அந்த வாடகையை ஏற்றவே இல்லை. தான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மாதத்தின் முதல் வாரத்தில் அந்த எண்பதாயிரத்தைக் கையில் வாங்கும்போது உள்ளே ஓர் இதம் பரவும். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும்.

குழு புதன்கிழமை காலையில் வந்தது. துரியா வேலைக்குப் போயிருந்தாள். சாவி விகாத்தியிடம் ஒன்று இருந்தது. அவளையே திறக்கச் சொன்னார்கள்.

ஆறு பேர் சுவரோரம் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக உள்ளே தலையை நீட்டினார்கள். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். ரோஜா நிறத்தில் பிளாஸ்டிக் பாய். ஜிப் வைத்த துணி அலமாரி. சுவரில் அடித்த ஆணியில் வெள்ளைத் தொழுகை உடுப்பு. மூலையில் மடித்து வைத்த உள்ளாடைகளின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தாள். பாக் மர்த்தோயோவின் உதவியாளர் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்தார். அந்தத் துண்டையும் எடுத்தார்.

"பளிச்சுன்னு வச்சிருக்காங்க. மனசிருந்தா எண்பதாயிரத்துலயும் வாழலாம்னு தெரியுது" என்றார் பாக் குஸ்னாதி.

இது உதவிக்குக் கொடுத்தது, வாடகை என்று சொல்ல முடியாது என்றாள் விகாத்தி. படிவத்தில் உதவி என்று ஒரு கட்டம் இல்லையே இபு என்று, அம்மா என்கிற மரியாதையோடு, அவர் வருத்தப்பட்டார். பணம் வாங்குகிறீர்கள், ஆள் குடியிருக்கிறாள், அப்படியானால் வாடகைதானே. பிறகு, தொழிலாளிக்குத் தொழிலாளி இப்படி உதவுகிற மாவட்டத்தில் வாழ்க்கைச் செலவு குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். ஜுமாதி தலையை ஆட்டினார்.

விகாத்தி வாசற்படியில் நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஒன்று அந்த ஆறு பேருக்கும் தெரியாது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் நான்கு ஆடுகள் இருந்தன. குர்பான் பெருநாளுக்கு அவற்றை விற்ற பிறகு பர்யோனோ தரையில் இரண்டு விரல் கனத்துக்குச் சிமென்ட் பூசினான், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், மூங்கில் தடுப்பைப் பிடுங்கிவிட்டுக் கதவு வைத்தான். ஜன்னல் என்று எதுவும் வைக்கவில்லை. ஆட்டுக்கு ஜன்னல் வேண்டியிருக்கவில்லை. மூத்திரம் ஓடுவதற்காகத் தரையின் நடுவே வெட்டியிருந்த வாய்க்காலைச் சிமென்ட் போட்டு முழுசாக அடைக்கவும் இல்லை, தண்ணீர் போகட்டும் என்று விட்டுவிட்டான். அது இப்போது ரோஜா நிறப் பாய்க்கு அடியில் இருந்தது.

இது ஆட்டுக் கொட்டில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் குடியிருக்கும் அறையே அல்ல என்று ஆகிவிடும், பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. கதவைப் பூட்டினாள். எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று பாக் மர்த்தோயோ சொன்னார்.

குழு கூடிக் கையெழுத்துப் போட இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. அந்த எட்டு நாளும் விகாத்தி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது யாருக்கும் புதிதில்லை, அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை. மெஷினில் கை தானாக ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று அறையையும் கூட்டி வகுத்தால் ஒரு லட்சத்து எண்பத்து மூன்றாயிரம். தன் வீட்டு அறையை எடுத்துவிட்டால் இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். ஐம்பத்திரண்டாயிரம் வித்தியாசம். ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு. மாவட்டத்தில் தொழிற்சாலைகளில் மட்டும் நாற்பதாயிரம் பேர். அவள் நோட்டில் பெருக்கிப் பார்த்தாள். வந்த பூஜ்ஜியங்களை எண்ணிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டாள். தான் ஒருத்திக்குச் செய்த நல்ல காரியம் நாற்பதாயிரம் பேரின் தட்டிலிருந்து எடுத்துச் செய்ததாக ஆகிக்கொண்டிருந்தது. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. அதை நல்ல காரியம் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது.

பர்யோனோவிடம் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அவன் மிளகாய்ச் சம்பலைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஆடு இருந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு? சிமென்ட் போட்டாச்சு, சுண்ணாம்பு அடிச்சாச்சு. அப்புறம் ரூம்தான்."

"அதுல நீ படுப்பியா?"

"நான் ஏன்டி படுக்கணும்? நான் நகரத்துக் கூலி வாங்குறவன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கடைசியில், சொன்னால் ஊரெல்லாம் நம்மைத்தான் காறித் துப்பும், கொட்டிலுக்கு வாடகை வாங்கினவள் என்பார்கள், யோசித்துக்கொள் என்றான். அவன் சொன்னது சரி. அவளைப் பிடித்து நிறுத்தியிருந்ததும் அதுதான், நாற்பதாயிரம் பேரின் கணக்கு அல்ல. தன்னை யாராவது அப்படிச் சொல்லிவிடுவார்கள் என்கிற பயம். அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவளுக்கு ஐந்து நாள் பிடித்தது.

கூட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. பன்யுலெகியில் குளிர்சாதனம் சரியாக வேலை செய்யும் மண்டபம் இல்லை என்பது காரணம். தேநீர் ஊற்றிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவளுக்கு நகரத்துக் கூலி. தான் ஊற்றும் தேநீரைக் குடித்துக்கொண்டே இவர்கள் பேசப்போகும் எண்ணைவிடத் தான் மூன்றரை லட்சம் அதிகம் வாங்குகிறவள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே வாழையிலையில் சுற்றிய லெம்பெர் என்கிற ஒட்டரிசிப் பலகாரம், ஒரு கேக், மூடி ஒட்டிய பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர். பெட்டிக்குக் கீழே பயணச் செலவு என்று எழுதிய உறை. ஜுமாதி உறையைப் பையில் வைத்துக்கொண்டு லெம்பெரின் இலையை உரிக்க ஆரம்பித்தார்.

காலையில் கொடுத்த வரைவுத் தாளில் எல்லாம் அச்சாகியே இருந்தது. அறுபது பொருளின் கூட்டுத்தொகை பத்து லட்சத்து எண்பதாயிரம். அதில் தொண்ணூற்றெட்டு சதவீதத்தைக் குறைந்தபட்சக் கூலியாகக் குழு சிபாரிசு செய்கிறது என்று கீழே ஒரு வரி. வந்த எண் கிழக்கு மாவட்டத்து எண்ணைவிட ஆயிரம் ரூபியா குறைவு.

யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாக் மர்த்தோயோ கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவின் மூடியைத் திறந்தார்.

விகாத்தி எழுந்து நின்றாள். எழுந்து நிற்க வேண்டிய அவசியமில்லை, யாரும் அப்படி நின்று பேசியதில்லை.

"மூணாவது ரூமை எடுத்துடுங்க. அது ரூம் இல்ல. ஆட்டுக் கொட்டில்."

ஜுமாதியின் வாய் அசைவது நின்றது. அவளே மீதியையும் சொன்னாள். நான்கு ஆடுகள். எந்த மாதம் விற்றது. சிமென்ட் எத்தனை விரல். ஜன்னல் ஏன் இல்லை. மூத்திர வாய்க்கால் எங்கே இருக்கிறது. மிகவும் மெதுவாக, படிவத்தை நிரப்புவதுபோலச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் தன் முன்னால் இருந்த கேக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்த அறையின் படம் அவருடைய செல்போனில்தான் இருந்தது.

பாக் குஸ்னாதிதான் முதலில் பேசினார். குரல் உயரவே இல்லை. சங்கத்தின் பிரதிநிதி, சங்கத்து உறுப்பினரான ஒரு பெண்ணை ஆட்டுக் கொட்டிலில் வைத்து மூன்று வருஷமாக வாடகை வாங்கியிருக்கிறார் என்பதையும் குறிப்பில் எழுதிக்கொள்ளலாமா இபு என்று கேட்டார்.

"எழுதிக்கங்க" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். கீழே அவளிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். மூன்றாவது அறையை அடித்தார்கள். வாடகை ஏறியது, கூட்டுத்தொகை பதினொரு லட்சத்து முப்பத்திரண்டாயிரமாக ஆனது. பாக் மர்த்தோயோ பேனாவை மூடிவிட்டு, தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நேரமாகிவிட்டது என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதுத் தாள் வந்தது. இன்னும் சூடு ஆறாத தாள். கூட்டுத்தொகை பதினொரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் என்றே இருந்தது. கீழ் வரியில் மட்டும் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்பது தொண்ணூற்று மூன்றரை ஆகியிருந்தது. விகாத்தி பெருக்கினாள். திரும்பவும் பெருக்கினாள். காலையில் இருந்த எண்ணேதான் வந்தது. இருபது ரூபியாதான் கூடுதலாக வந்தது, அந்த இருபதையும் தள்ளி எண்ணை முழுமையாக்கிவிட்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்து பாக் மர்த்தோயோவைப் பார்த்தாள். அவர் அந்த வருத்தமான முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு இருக்கிறதே இபு, என்ன செய்ய, என்றார்.

எண் முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. முட்டைக் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. சந்தையில் நடந்ததும், பாயைத் தூக்கிப் பார்க்காமல் படம் எடுத்ததும், அவள் எழுந்து நின்றதும் எல்லாம் அந்த எண்ணுக்கு உடை உடுத்திவிடுகிற வேலை. அவள் கையெழுத்துப் போடவில்லை. தொழிலாளர் தரப்பில் ஒரு கையெழுத்து இருந்தால் போதும் என்று சொன்னார்கள். ஜுமாதி போட்டார். அவர் விரலிலிருந்த எண்ணெய் தாளில் ஒரு கண்ணாடிப் பொட்டாகப் படிந்தது. கழிப்பறைக்குப் போய் விகாத்தி வாயைக் கொப்பளித்தாள். ஹோட்டல் தண்ணீரில் ஏதோ வாசனைச் சோப்பின் ருசி இருந்தது. மூன்று முறை கொப்பளித்தும் அவளுக்குப் போதவில்லை.

திங்கட்கிழமை தையல் கூடத்துக்குள் நுழைந்தபோது பேச்சு நின்று மறுபடி தொடங்கியது. பாக் குஸ்னாதி யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். குறிப்பைத் தட்டச்சு செய்பவளிடம் கொடுத்திருப்பார், அது போதும். காலை ஒன்பது மணிக்கு, மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே பின் வரிசையிலிருந்து யாரோ மெல்லிய குரலில் "மே…" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விகாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். தன்னைத்தான் சொல்கிறார்கள், சொல்லட்டும் என்று நினைத்தாள். மறுபடி "மே…" என்று கேட்டபோது திரும்பிப் பார்த்தாள். அவர்கள் யாரும் இவள் பக்கம் பார்க்கவில்லை. காலர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரியா தைத்துக்கொண்டே இருந்தாள். காது நுனி மட்டும் சிவந்திருந்தது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில் உட்கார வந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, புல்லு வேணுமா என்று கேட்டாள். எல்லாம் சங்கத்துப் பெண்கள். சந்தா கட்டுகிறவர்கள். யாருக்காக விகாத்தி அந்த மண்டபத்தில் எழுந்து நின்றாளோ அவர்கள். அவர்களுக்கு அடுத்த வருஷம் என்ன கூலி வரப்போகிறது என்பது அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அதை ஒருமுறை படித்துவிட்டு இதற்கு வந்துவிட்டார்கள். எண்ணைப் பார்த்துச் சிரிக்க முடியாது, துரியாவைப் பார்த்துச் சிரிக்கலாம். விகாத்திக்கு அவர்கள் மேலும் அருவருப்பு வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

அன்று வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பருவத்தின் முதல் மழை. விகாத்தி உடை மாற்றாமலேயே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். துரியாவின் கதவு திறந்திருந்தது. அவள் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வெறும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தரையின் நடுவில் அந்த வாய்க்கால், ஒரு கை அகலம், கருப்பாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்று விகாத்தி மன்னிப்புக் கேட்டாள். நாற்பதாயிரம் பேர், ஐம்பத்திரண்டாயிரம் ரூபியா என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். எண் மாறவே இல்லை என்பது துரியாவுக்கும் தெரியும்.

"இதுல என்ன குறைன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கேனாக்கா?"

"இல்ல."

"மழை பெய்ஞ்சா நாத்தம் வரும். முதல் வருஷத்துல இருந்தே வருது. காப்பித்தூளைத் துணியில முடிஞ்சு அங்கங்க வைப்பேன். அப்படியும் யூனிஃபார்ம்ல ஏறிடும். பஸ்ல தள்ளித்தான் நிப்பேன்."

மூக்கு இப்போதுதான் திறந்ததுபோல, ஈரத்துக்குள்ளிருந்து அந்தப் பழைய வாடை எழுந்து வந்தது. ஆட்டு மூத்திரம், புழுக்கை, அழுகிய தழை. மூன்று வருஷத்தில் மழை நாளில் ஒருமுறைகூட அவள் இந்த வாசலுக்கு வந்ததில்லை.

"ஏன் சொல்லல?"

"பாதி வாடகைக்கும் கீழ விட்டிருக்கீங்க. அதுல போயி நாத்தம்னு எப்படிச் சொல்றது."

அவள் எழுந்து பாயை விரிக்க ஆரம்பித்தாள். வாய்க்காலின் மேல் முதலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் பாய். கைக்குப் பழகிய வேலை என்று தெரிந்தது. விரித்து முடித்து, மூலைகளைக் காலால் அழுத்திவிட்டு, விகாத்தியின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அடுத்த மாசத்துல இருந்து ரெண்டு லட்சத்து இருபதே தந்துடுறேன் அக்கா. எல்லாரும் தர்ற வாடகை. ரெண்டு லட்சத்து இருபது கொடுத்து யாரும் கொட்டில்ல இருக்க மாட்டாங்க. அவளுங்க கேட்டா அதைச் சொல்லிக்குவேன்."

வேண்டாம் என்றாள் விகாத்தி.

ஆனால் அந்தச் சொல் உடனே வரவில்லை. அதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. மழைத் தண்ணீர் கூரை ஓட்டிலிருந்து நாலைந்து சொட்டு விழுகிற நேரம். அந்த நேரத்தில் அவள் மனசு, அவளைக் கேட்காமலேயே, இரண்டு லட்சத்து இருபதிலிருந்து எண்பதைக் கழித்தது. ஒரு லட்சத்து நாற்பது. மாவட்டக் கூலி ஏறாத வருஷத்தில் மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

துரியா இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிற முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியும். ஒன்றாம் தேதி தந்துடுறேன் என்று சொல்லிவிட்டு, மழை உள்ளே அடிக்கிறது என்று மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

விகாத்தி கூரையின் கீழ் நகராமல் நின்றாள். வாடை கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடவில்லை.